தோட்டத்துக் கேள்விகள்: சித்திரையில் நாற்றங்கால், புரட்டாசியில் அறுவடை

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குளிர்காலக் காய்கறி பற்றித்தான். இங்கே தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றி இருப்பவர்கள் கேட்டிருக்கிறார்கள், ஜோஹன்னஸ்பர்க்கில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார், இங்கிருந்து சொந்தக்காரர்கள் அனுப்பி வைக்கும் இதழைப் படித்துவிட்டு திண்டுக்கல் பக்கமிருந்தும் ஓசூரிலிருந்தும் இரண்டு விவசாயிகள் எழுதியிருக்கிறார்கள். பயிர் எல்லாருக்கும் ஒன்றுதான், காலம்தான் தலைகீழ். அதனால் ஒவ்வொரு பதிலையும் அது எந்த ஊருக்குச் சொன்னது என்று பார்த்துவிட்டுப் படியுங்கள். திண்டுக்கல்லுக்குச் சொன்னதை டர்பன் பக்கத்து டொங்காட்டில் செய்துவிட்டு என்னைத் திட்டக் கூடாது.

கேள்வி: சென்னையிலிருந்து வந்த அத்தை காலிஃபிளவர் விதைப் பாக்கெட் கொண்டுவந்தார்கள். அதில் "செப்டம்பர், அக்டோபரில் விதைக்கவும்" என்று போட்டிருந்தது. அப்படியே செப்டம்பர் கடைசியில் விதைத்தேன். இலை முட்டி உயரம் வந்ததே தவிர பூ கட்டவில்லை. விதை கெட்டுப்போனதா?
வாசகி, சாட்ஸ்வர்த்

விதை மேல் பழி போடாதீர்கள் அம்மா. அந்தப் பாக்கெட் இந்தியாவில் விற்பதற்காக அச்சடித்தது. அங்கே செப்டம்பரில் விதைத்தால் செடி வளர வளரக் குளிர் ஏறிக்கொண்டே போகும், டிசம்பர் ஜனவரிக் குளிரில் பூ கட்டும். நீங்கள் டர்பனில் செப்டம்பரில் விதைத்தீர்கள், செடி வளர வளர வெயில் ஏறியது, டிசம்பரில் இங்கே நல்ல கோடை. குளிர் வரும் என்று செடி காத்திருந்து காத்திருந்து இலையாகவே விட்டுவிட்டது, அவ்வளவுதான்.

இதற்குச் சுலபமான கணக்கு ஒன்று உண்டு. இந்தியாவுக்கு எழுதின மாதத்தோடு ஆறு மாதம் கூட்டிக்கொள்ளுங்கள். தமிழ் மாதத்தில் சொன்னால் அங்கே புரட்டாசி என்றால் இங்கே பங்குனி, அங்கே ஐப்பசி என்றால் இங்கே சித்திரை, அங்கே கார்த்திகை என்றால் இங்கே வைகாசி. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று தாத்தா காலத்திலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறோம், ஆனால் இங்கே ஆடி நடுக்குளிர். ஆடியில் செய்ய வேண்டியதை இங்கே தையில் செய்ய வேண்டும். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் மெட்ராஸிலிருந்து டர்பனில் வந்து இறங்கிய ஒப்பந்தக் கூலிகள், ஒப்பந்தம் முடிந்து குத்தகை நிலத்தில் காய்கறி போட்டபோது முதலில் இந்தக் கணக்கைத்தான் திருப்பிப் போட்டிருக்க வேண்டும்.

ஆறு மாதத்தைக் கூட்டினால் மட்டும் போதாது, காலிஃபிளவர் கொஞ்சம் வீம்பு பிடித்த பயிர். எந்த ரகம் எந்தக் குளிரில் பூ கட்டும் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் முன்பட்ட ரகங்கள் 20 முதல் 27 டிகிரி வெப்பத்திலேயே பூ கட்டிவிடும், பூசா தீபாலி அந்த வகை. ஸ்நோபால் என்று பெயரில் வருகிற பின்பட்ட ரகங்களுக்கு 10 முதல் 16 டிகிரி வேண்டும், பூசா ஸ்நோபால் கே-1 அந்த வகை. முன்பட்ட ரகத்தைத் தாமதமாகப் போட்டு அது கடுங்குளிரில் மாட்டினால் செடி சின்னதாக இருக்கும்போதே சட்டைப் பொத்தான் அளவுக்குப் பூ கட்டிவிட்டு நின்றுவிடும். பின்பட்ட ரகத்தை முன்கூட்டியே வெயிலில் போட்டால் உங்களுக்கு நடந்ததுதான் நடக்கும். அதனால் கடையில் "காலிஃபிளவர் விதை கொடுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள், எந்தப் பருவத்து ரகம் என்று கேட்டு வாங்குங்கள். டர்பன் கரையோரத்தில் ஜூலையில் கூட பகலில் 22, 23 டிகிரி வந்துவிடுகிறது, இரவில் 11 பக்கம் இறங்கும். இங்கே நடுப்பட்ட ரகம்தான் நம்பகமானது. மாசிக் கடைசியில் அல்லது பங்குனியில் விதைத்து, சித்திரையில் நடுங்கள்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. விதையைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வருவதை அத்தையிடம் சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள். தென்னாப்பிரிக்காவில் சட்டப்படி வெளிநாட்டு விதைக்கு முன்கூட்டியே இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும். பாக்கெட் சின்னது, யாருக்குத் தெரியும் என்று நினைப்போம், ஆனால் விதையோடு வருகிற நோய்க்குப் பாக்கெட் அளவு தெரியாது. இங்கேயே நல்ல விதை கிடைக்கிறது.

கேள்வி: எனக்கு 60 சென்ட் நிலம், ஒரு கிணறு. ஒவ்வொரு வருஷமும் முட்டைக்கோஸும் தக்காளியும் போடுகிறேன். ஐப்பசி மழையில் நாற்றங்கால் பாதி அழுகிப் போகிறது. மழை நின்ற பிறகு விதைத்தால் தாமதமாகிவிடுகிறது. என்ன செய்வது?
விவசாயி, ஒட்டன்சத்திரம் அருகில்

அண்ணா, உங்கள் ஊர் நாற்றங்காலுக்கும் எங்கள் ஊர் நாற்றங்காலுக்கும் பெரிய வித்தியாசமே இதுதான். எங்களுக்குக் குளிர்காலம் வறண்ட காலம், நாற்று தண்ணீர் இல்லாமல் சாகும். உங்களுக்கு வடகிழக்குப் பருவமழை சரியாக நாற்று விடுகிற நேரத்தில் வந்து நிற்கிறது, தண்ணீர் அதிகமாகிச் சாகிறது. மழையைத் தள்ளிப்போட முடியாது, நாற்றைத்தான் மழையிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

முட்டைக்கோஸ் நாற்றுக்கு 25 முதல் 30 நாள், தக்காளிக்கு 25 நாள். மிளகாய் போடுகிறவராக இருந்தால் 35, 40 நாள், கத்தரி 30, 35. பெரிய வெங்காயம் 40, 45 நாள் நாற்றங்காலில் நிற்கும். நட வேண்டிய தேதியை முதலில் முடிவு செய்துகொண்டு, இந்த நாட்களைக் கழித்து விதைக்கிற தேதிக்கு வாருங்கள். எல்லாரும் விதைக்கிற தேதியிலிருந்து முன்னோக்கி எண்ணுகிறோம், அதனால்தான் நிலம் தயாராகாமல் நாற்று முற்றிப்போய் நிற்கிறது, அல்லது நிலம் தயாராக இருந்து நாற்று இல்லாமல் பக்கத்துத் தோட்டத்தில் கேட்டு நிற்கிறோம்.

பொங்கல் சந்தைக்கு முட்டைக்கோஸ் வேண்டும் என்று வையுங்கள். வீரிய ரகம் நட்டு 65, 70 நாளில் வெட்டுக்கு வரும். ஜனவரி 10 வாக்கில் வெட்ட வேண்டுமானால் நவம்பர் முதல் வாரம் நட வேண்டும், அக்டோபர் முதல் வாரம் விதைக்க வேண்டும். புரட்டாசி பாதியில் விதை, ஐப்பசி பாதியில் நடவு. மழை நடுவில் வரத்தான் செய்யும்.

அதனால் பாத்தி நாற்றங்காலை இந்தப் பருவத்துக்கு மட்டும் விட்டுவிட்டு குழித்தட்டுக்குப் போங்கள் என்பதுதான் என் யோசனை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். முட்டைக்கோஸ் 45-க்கு 30 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய 30,000 செடி, பத்து சென்ட்டுக்கு 3,000. பத்து சதவீதம் கூடுதலாக 3,300 நாற்று. 98 குழி உள்ள தட்டு 34 போதும். ஒரு தட்டுக்கு மக்கிய தென்னை நார்க்கழிவு சுமார் 1.2 கிலோ, மொத்தம் 40 கிலோ சொச்சம். இது ஒன்றும் பெரிய முதலீடு இல்லை, தட்டுகளைக் கழுவி வைத்தால் அடுத்த வருஷமும் வரும். குழிக்கு ஒரு விதை, அதனால் வீரிய விதை வீணாவதில்லை. விதைத்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி பாலிதீன் போட்டு மூடுங்கள், ஆனால் மூன்றாம் நாளிலிருந்து தினமும் திறந்து பாருங்கள். முளை தலைகாட்டியதும் பிரித்துப் பரப்பிவிட வேண்டும், ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று வெளிறி நூலாக நீண்டுவிடும். தட்டை நேராகத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் பலகை போட்டு வையுங்கள். மேலே 50 சதவீத நிழல்வலை, மழை வரும்போது மட்டும் மூங்கில் வளைவு மேல் பாலிதீன். மழை விட்டதும் பாலிதீனை எடுத்துவிடுங்கள், சோம்பல்பட்டு அப்படியே விட்டால் உள்ளே புழுங்கி, மழை செய்கிற வேலையைப் புழுக்கம் செய்துவிடும்.

தட்டு வேண்டாம், பாத்திதான் வசதி என்றால் ஒரு மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டருக்குக் குறையாத உயரம், சுற்றிலும் வடிகால். வரிசைக்கு வரிசை 10 சென்டிமீட்டர் விட்டு விதையுங்கள். கைநிறைய அள்ளித் தூவுகிற வழக்கம்தான் அழுகலுக்குப் பாதிக் காரணம், நெருக்கமாக முளைத்த நாற்றுக்கு நடுவே காற்றே போவதில்லை. விதையைக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடியில் கலந்து விதையுங்கள், பத்து கிராம் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாப் பொடி போட்டாலும் சரி. அப்படியும் நாற்று அடியில் கறுத்துச் சாய ஆரம்பித்தால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து மண் நனைய ஊற்றுங்கள். இலைமேல் தெளித்தால் பயனில்லை, நோய் மண்ணில் இருக்கிறது.

60 சென்ட்டிலும் ஒரே நாளில் நட வேண்டாம் என்பதைக் கீழே ஓசூர்க்காரருக்குச் சொல்லியிருக்கிறேன், அதையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: லெனேசியாவில் வீட்டுப் பின்புறம் கொஞ்சம் இடம் இருக்கிறது. டர்பனில் தங்கை குளிர்காலத்தில் தக்காளி பறிக்கிறாள். நான் மே மாதம் நட்டது ஒரே ராத்திரியில் கறுத்துப் போனது.
வாசகர், லெனேசியா, ஜோஹன்னஸ்பர்க்

உறைபனி அய்யா. உங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே, மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை பனி எந்த ராத்திரியும் விழலாம். தக்காளி, கத்தரி, மிளகாய், பீன்ஸ் எதுவும் தாங்காது. தங்கை கடலோரத்தில் இருக்கிறார், அங்கே உறைபனி கிடையாது, அவரோடு போட்டி வேண்டாம். ஆகஸ்ட்டில் வீட்டுக்குள் ஜன்னலோரம் தட்டில் விதைத்து வைத்து, அக்டோபர் ஆரம்பத்தில் வெளியே நடுங்கள். குளிருக்கு என்று போட வேண்டுமானால் மார்ச், ஏப்ரலிலேயே முட்டைக்கோஸ், பூண்டு, வெந்தயக்கீரை, கொத்தமல்லி. இவை லேசான பனியைத் தாங்கும். பட்டாணிச் செடி தாங்கும், பட்டாணிப் பூ தாங்காது. அதனால் அதை ஜூலைக் கடைசியில் விதைத்து, பனி போன பிறகு பூக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கேரட், முள்ளங்கியை நாற்று விட்டுப் பிடுங்கி நடலாமா? விதை நிறைய வீணாகிறது.
வாசகி, ஸ்டேங்கர்

கூடாது. பிடுங்கும்போது ஆணிவேர் நுனி ஒடியும், ஒடிந்தால் கேரட் இரண்டு கால் மூன்று கால் முளைத்து வரும். நேரடியாக விதைத்துக் கலைத்துவிடுவதுதான் வழி. கேரட் விதை ஒரு கிராமில் எழுநூறுக்கு மேல் இருக்கும், மணலோடு கலந்து தூவினால் அவ்வளவு வீணாகாது. பீட்ரூட்டை மட்டும் சின்ன நாற்றாக இருக்கும்போது எடுத்து நடலாம், பிழைத்துக்கொள்ளும்.

கேள்வி: பெரிய வெங்காயம் தை மாதம் நாற்று விட்டு, மாசிக் கடைசியில் நட்டேன். செடி நன்றாகத்தான் வந்தது. ஆகஸ்ட்டில் பாதிக்கு மேல் பூத்தண்டு விட்டுவிட்டது. தண்டை ஒடித்துப் பார்த்தேன், கிழங்கு பெருக்கவில்லை.
வாசகர், டொங்காட்

சீக்கிரம் விதைத்ததுதான் பிரச்சனை. எல்லாரும் தாமதமாகத்தான் கெட்டுப்போகும் என்று நினைக்கிறார்கள், வெங்காயம் அவசரப்பட்டாலும் கெடும்.

வெங்காயச் செடி கழுத்துப் பருமன் பென்சிலைத் தாண்டிய பிறகு, பத்து டிகிரியை ஒட்டிய குளிர் பல வாரம் பட்டால், தனக்கு ஒரு வருஷம் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு பூக்கப் போய்விடும். உங்கள் செடி ஜூன் மாதத்துக்குள்ளேயே பருத்துவிட்டது. செடி சின்னதாக இருந்தால் அதே குளிர் அதை ஒன்றும் செய்யாது. பங்குனியில் நாற்று விடுங்கள், வைகாசியில் நடுங்கள், பென்சிலைவிட மெல்லிய நாற்றாகப் பார்த்து நடுங்கள். நாற்று பெரிதாக இருந்தால் நல்ல நாற்று என்று தேடிப் பிடித்து நடுவோம், வெங்காயத்தில் அது வேண்டாம். அக்டோபர், நவம்பரில் தாள் சாயும்.

பகல் நீளமும் பார்க்க வேண்டும். கிழங்கு கட்டுவதைத் தூண்டுவது பகல் நீளம்தான், அது ரகத்துக்கு ரகம் மாறும். திண்டுக்கல் பக்கத்தில் ஆண்டு முழுக்கப் பகல் பதினொன்றரை மணியிலிருந்து பன்னிரண்டே முக்கால் மணிக்குள்தான் ஆடும். டர்பனில் ஜூனில் சுமார் பத்து மணி, டிசம்பரில் சுமார் பதினாலு மணி. பகல் நீளத்தில் டர்பனுக்குப் பக்கத்து வீடு தமிழ்நாடு இல்லை, டெல்லி. இரண்டும் பூமத்திய ரேகையிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரம், ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே. அதனால் வெங்காயத்துக்கு வட இந்தியச் சமவெளிக் கணக்கைப் பார்த்து ஆறு மாதம் தள்ளினால் இங்கே ஓரளவு பொருந்தும். அங்கே ராபி என்கிற குளிர்காலப் பட்டத்து வெங்காயத்தை அக்டோபர், நவம்பரில் நாற்று விட்டு டிசம்பர், ஜனவரியில் நட்டு ஏப்ரல், மேயில் எடுக்கிறார்கள். ஆறு மாதம் தள்ளிப் பாருங்கள், நான் மேலே சொன்னதற்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இங்கே குறும்பகல் ரகம், அதாவது பகல் ரொம்ப நீளாமலே கிழங்கு கட்டுகிற ரகம்தான் வாங்க வேண்டும், டெக்சாஸ் கிரானோ இங்கே பலருக்கும் தெரிந்தது.

பூத்தண்டு விட்ட வெங்காயத்தை மூட்டை கட்டி வைக்காதீர்கள். உள்ளே தண்டு அழுகிக் கிழங்கும் போகும். முதலில் அவற்றைச் சமையலுக்கு எடுத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஆயா வழியாக வந்த கொடி அவரை. செப்டம்பரில் போட்டால் பந்தல் நிறைய ஏறுகிறது, ஏப்ரல் வரை ஒரு பூ இல்லை. பூக்கும்போது பனி வந்துவிடுகிறது.
வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அம்மா, பழைய கொடி அவரை பகல் குறையும்போதுதான் பூக்கும். ஊரில் ஆடியில் போட்டு மார்கழி, தையில் பறிப்பது அதனால்தான். செப்டம்பரில் போட்டால் பகல் நீண்டுகொண்டே போகிறது, கொடி சும்மா இலை விட்டுக்கொண்டிருக்கும். எப்போது போட்டாலும் அது பூக்கிற காலத்தில்தான் பூக்கும், அதனால் செப்டம்பரில் போட்டுப் பந்தலையும் தண்ணீரையும் வீணாக்க வேண்டாம். டிசம்பர் கடைசியில் போடுங்கள், கொடி அடக்கமாக இருக்கும், வீட்டுச் சுவர் ஓரமாக வடக்குப் பார்த்த இடத்தில் போட்டால் பனிக்கு முன் கொஞ்சம் பறித்துவிடலாம். இங்கே வெயில் வடக்கிலிருந்து அடிக்கிறது என்பதை மறக்க வேண்டாம். பறிக்க நிறைய வேண்டும் என்றால் குத்துச்செடி அவரை வாங்குங்கள், அதற்குப் பகல் கணக்கு கிடையாது. ஆயா அவரையையும் விட்டுவிடாதீர்கள், வருஷா வருஷம் விதைக்கு நாலு கொடியாவது இருக்கட்டும். ருசி அதில்தான்.

கேள்வி: நர்சரியில் நல்ல நாற்றாகப் பார்த்து 500 முட்டைக்கோஸ் வாங்கி ஜூலையில் நட்டோம். தண்ணீரும் விட்டோம். மூன்றே நாளில் முக்கால்வாசி காய்ந்துவிட்டது. நாற்றில் கோளாறா?
வாசகர், உம்சின்டோ

நாற்றில் கோளாறு இருக்கலாம், ஆனால் நீங்கள் எழுதியிருக்கிற மற்ற விவரத்தைப் பார்த்தால் பெர்க் காற்று போலத்தான் இருக்கிறது. நட்ட மறுநாள் திடீரென்று வெக்கையாக இருந்தது, அதற்கு அடுத்த நாள் குளிர்ந்துவிட்டது என்கிறீர்கள். அதுதான் அதன் நடை. மலை மேட்டிலிருந்து கடலை நோக்கி இறங்குகிற காற்று இறங்க இறங்கச் சூடாகும், நடுக்குளிர்காலத்திலும் 30 டிகிரியைத் தாண்டும், ஈரப்பசையே இருக்காது. நிழல்வலைக்குள்ளேயே வளர்ந்த நாற்றுக்கு அன்றைக்குத்தான் முதல் வெயில், வேர் இன்னும் மண்ணைப் பிடிக்கவில்லை, இலையிலிருந்து தண்ணீர் போகிற வேகத்துக்கு வேர் இழுக்க முடியாது.

நாற்று வாங்கி வந்த அன்றே நடாதீர்கள். நாலைந்து நாள் வெளியே வெயிலில் வைத்து, தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துப் பழக்குங்கள். இலை ஓரம் லேசாகச் செவ்வூதா ஓடினால் பயப்பட வேண்டாம், நாற்று இறுகுகிறது என்று அர்த்தம். நடுகிற அன்று காலையில் தட்டுக்கு நிறையத் தண்ணீர், நிலத்துக்கும் முதல் நாளே தண்ணீர். வறண்ட மண்ணில் நட்டுவிட்டு மேலே ஊற்றுவது வேறு, ஈரமண்ணில் நடுவது வேறு. மாலை நாலு மணிக்கு மேல் நடுங்கள், வேர்க்கட்டியின் மேல் அரை விரல் மண் மூடட்டும், வெளியே தெரிந்தால் திரி போல அது வழியாகவே ஈரம் போய்விடும். வானிலையில் பெர்க் காற்று சொன்னால் இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். நட்ட பிறகு வந்துவிட்டால் காற்றடிக்கிற பக்கம் சாக்கோ கரும்புச் சோகையோ வைத்து மறையுங்கள், உங்கள் பக்கம் சோகைக்கா பஞ்சம்?

முற்றின நாற்றையும் வாங்காதீர்கள். தட்டில் ஆறேழு வாரம் நின்று வேர் சுருண்டு அடியில் வெளியே வந்த நாற்று விலை குறைவாகக் கிடைக்கும். காலிஃபிளவரில் அப்படி வாங்கினால் மறுபடி அந்தப் பொத்தான் பூதான்.

கேள்வி: வளர்பிறையில்தான் விதைக்க வேண்டும் என்று மாமியார் சொல்கிறார். உண்மையா?
வாசகி, வெருலம்

மாமியாரோடு சண்டை வேண்டாம். வளர்பிறைக்கு இரண்டு வாரம் இருக்கிறது, அதற்குள் மண் பதமாக இருக்கிற ஒரு நாள் கட்டாயம் கிடைக்கும், அன்றைக்கு விதைத்துவிடுங்கள். மண் பதம் தவறினால் மட்டும் பிறைக்காகக் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: ஒன்றரை ஏக்கர். எல்லாரும் ஒரே சமயத்தில் கோஸ் வெட்டுகிறோம், மண்டியில் விலை விழுந்துவிடுகிறது. கமிஷன்காரர் "நீங்களெல்லாம் சேர்ந்து கொண்டுவந்து கொட்டினால் நான் என்ன செய்வது" என்கிறார்.
விவசாயி, ஓசூர்

அவர் சொல்வது எரிச்சலாக இருந்தாலும் சரிதான் தம்பி. ஊரில் ஒரு மழை பெய்ததும் எல்லாரும் ஒரே வாரத்தில் நடுகிறோம், எழுபது நாள் கழித்து எல்லாரும் ஒரே வாரத்தில் வெட்டுகிறோம். சின்ன நிலத்துக்காரர்தான் இதில் முதலில் அடிபடுகிறார், பெரிய நிலத்துக்காரர் லாரி பிடித்து வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்.

ஒன்றரை ஏக்கர் முழுக்கக் கோஸ் வேண்டாம். அரை ஏக்கர் கோஸ் போதும், அதையும் மூன்று பங்காக்கி இரண்டு வாரத்துக்கு ஒரு பங்கு நடுங்கள். நாற்றையும் அதே மாதிரி மூன்று தவணையாக விட வேண்டும், ஒரே நாளில் விதைத்துவிட்டு மூன்று தடவையாக நட்டால் கடைசிப் பங்கு முற்றின நாற்றாகிவிடும். மீதி நிலத்தில் நாள் வித்தியாசமான பயிர்களாகப் பாருங்கள். கீரை 25, 30 நாள், முள்ளங்கி 40, 45, பீட்ரூட் 60, 70, கேரட் 90, 100. முள்ளங்கியும் கீரையும் கைச்செலவுக்கு வாராவாரம் பணம் கொடுக்கும், கோஸ் விலை விழுந்த வாரத்தில் கடன் வாங்காமல் இருக்க அது போதும். 1999-இல் மதுரையில் ஆரம்பித்த உழவர் சந்தைத் திட்டம் உங்கள் ஊரிலும் இருக்கிறது. அடையாள அட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்து வகையில் கொஞ்சம் கொஞ்சம் வைத்திருப்பவருக்கு அங்கே நிற்க நன்றாக இருக்கும், ஒரே சரக்கை மூட்டை மூட்டையாக வைத்திருப்பவருக்கு மண்டிதான்.

கோஸில் புழு பற்றியும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். வைரமுதுகு அந்துப்பூச்சிக்கு மருந்தை மாற்றி மாற்றி அடிப்பதைவிட கடுகு வரிசை நல்லது. 25 வரிசை கோஸுக்கு இரண்டு வரிசை கடுகு. முதல் கடுகை கோஸ் நடுவதற்கு 15 நாள் முன்பும், இரண்டாவதை நட்டு 25 நாள் கழித்தும் விதைக்க வேண்டும். பூச்சி கடுகைத் தேடிப் போகும், மருந்தைக் கடுகு மேல் அடித்தால் போதும். கடுகுக்கு நாள் தவறினால் பலன் இல்லை, இதையும் நாற்று அட்டவணையிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் பெரும்பாலும் புரட்டாசி முழுக்க மரக்கறிதான். அந்த மாதம் காய்கறி விலை ஏறிவிடுகிறது. முப்பதுக்கு இருபது மீட்டர் இடம் இருக்கிறது. புரட்டாசிக்கு வெட்டுகிற மாதிரி போட முடியுமா? கூடுதலாக வந்தால் அக்கம்பக்கத்தில் விற்கலாம் என்று யோசனை.
வாசகி, ஃபீனிக்ஸ்

நல்ல யோசனை. ஊரில் புரட்டாசி விதைக்கிற மாதம், இங்கே குளிர்காலப் பயிர் எல்லாம் வெட்டுக்கு வருகிற மாதம். விரதமும் அறுவடையும் இங்கே தானாகப் பொருந்தி வந்திருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

புரட்டாசி செப்டம்பர் 17 வாக்கில் பிறக்கிறது. அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். ஊரில் 70 நாளில் வருகிற கோஸ் இங்கே குளிரில் 90, 100 நாள் எடுக்கும், நாற்றும் ஐந்தாறு வாரம் நிற்கும். அதனால் ஜூன் 10 வாக்கில் நட வேண்டும், மே ஆரம்பத்தில் விதைக்க வேண்டும், அதாவது சித்திரை பாதியில். வருஷப்பிறப்பு கழிந்து கையோடு தட்டைக் கழுவி வைத்துவிடுங்கள். கேரட்டுக்கு நாலு மாதம் கொடுங்கள், மே கடைசியில் நேரடி விதைப்பு. பீட்ரூட் ஜூன் பாதி. ஃபீனிக்ஸில் உறைபனி இல்லை, அதனால் குத்துப் பீன்ஸ் ஜூலை முதல் வாரம் போட்டால் சரியாக வரும், வெயில் காலத்தில் 55 நாளில் வருவது குளிரில் 70, 75 நாள் ஆகும். கொத்தமல்லி ஆகஸ்ட் முதல் வாரம் ஒரு பாத்தி, அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒரு பாத்தி. செப்டம்பர் வெயிலில் அது சீக்கிரம் பூவுக்குப் போகும், பெரிய பாத்தியாக ஒரே தடவை போட வேண்டாம்.

ஓசூர்க்காரருக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு நடவு என்றேன், உங்களுக்கு அது அப்படியே பொருந்தாது. குளிர் ஏறுகிற ஏப்ரல், மேயில் ஒரு வாரம் தாமதித்து நட்டால் அறுவடை இரண்டு வாரம் தள்ளிப் போகும். குளிர் விடுகிற நேரத்தில் முதிரும் பயிரில் இது தலைகீழ், ஜூன் 10 நட்டதும் ஜூன் 25 நட்டதும் செப்டம்பர் வெயிலில் கிட்டத்தட்ட ஒரு வாரத்தில் ஒன்றையொன்று பிடித்துவிடும். அதனால் புரட்டாசி முழுக்க ஒவ்வொரு வாரமும் வெட்ட வேண்டுமானால் மூன்று வார இடைவெளி விட்டு நடுங்கள், கூடவே ஒரு சீக்கிர ரகமும் ஒரு தாமத ரகமும் வாங்கிக்கொள்ளுங்கள். வெயில் ஏற ஏறப் புழுவும் ஏறும் என்பதால் கடைசி நடவுக்குக் கட்டாயம் கடுகு வரிசை வேண்டும்.

பூசணியும் சுரைக்காயும் புரட்டாசிக்குத் தோட்டத்திலிருந்து வராது, அது கோடைப் பயிர். சுரைக்காயைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். பூசணி மட்டும் மே மாதம் முற்றியதைக் காம்போடு அறுத்து, நிழலில் காற்றாட ஒன்றோடொன்று படாமல் வைத்தால் செப்டம்பர் வரை நிற்கும். நீங்கள் கேட்டிருக்கிற அந்த முப்பதுக்கு இருபது இடத்தில் முதல் வருஷம் பாதிக்கு மேல் போடாதீர்கள், ஜூலை, ஆகஸ்ட்டில் மழை குறைவு, தண்ணீர்க் கட்டணம் எவ்வளவு வருகிறது என்று ஒரு குளிர்காலம் பார்த்துவிட்டு மீதியைத் தொடுங்கள்.